தழைக் கட்சியில் நான் தோற்ற கதை

எங்கள் கட்சிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. மரம், மண், தண்ணீர் மூன்றும் அதில் வரும். செங்கம் கடைத்தெருவில் ஒருத்தரும் அதை முழுசாகச் சொன்னதில்லை. "தழைக் கட்சி" என்பார்கள். "சின்னம் இன்னா, ஆடா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரில் ஆளுக்கொரு கட்சி இருந்தது. எங்களுக்கு வாய்த்தது இது.

ஆரம்பித்தவர் ஓமியோபதி டாக்டர். ஜெர்மனியில் மரத்துக்காகக் கட்சி கட்டுகிறார்களாம் என்று பேப்பரில் படித்தவர், "அவன் கட்டினா நாம கட்டக் கூடாதா?" என்று கிளம்பிவிட்டார். அவரே தலைவர். உறுப்பினர்கள் நாற்பது பேர். அதில் பதினெட்டுப் பேர் ஜவ்வாது மலைக்காரர்கள். அந்தப் பதினெட்டுப் பேரையும் சேர்த்தவள் நான். இதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நான் தையல்காரி. மாதம் ஒருமுறை, தைத்த ரவிக்கையும் பாவாடையும் பையில் போட்டுக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் மூன்று மணி நேரம் ஏறி மலைக்குப் போவேன். கொடுத்துவிட்டு, புதுசுக்கு அளவெடுத்துக்கொண்டு திரும்புவேன். என் வீட்டுக்காரர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கட்சிக் கூட்டமெல்லாம் அந்தக் கடையில்தான். மரத்தைப் பற்றி அவர் பேசினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். ஆனால் கடைக்கு எதிரே நின்ற வேப்ப மரத்தில் சாய்ந்து பீடி குடித்ததைத் தவிர, மரத்தோடு அவருக்குப் பெரிய பழக்கம் கிடையாது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை. கேட்டால் முட்டி வலி.

அந்தச் சமயத்தில் மலைமேல் இரண்டு ஊருக்கு நடுவே ரோடு போட அளந்தார்கள். வழியில் நின்ற இருபது புளிய மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்டில் நம்பர் எழுதிவிட்டார்கள். வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு மரமும் ஒரு வீட்டுக்காரருடையது. தாத்தா காலத்திலிருந்து அந்த வீடுதான் உலுக்கும், அந்த வீடுதான் பொறுக்கும். சாமை பொய்த்த வருஷம் புளிதான் சோறு போடும். ஆனால் எதற்கும் காகிதம் கிடையாது.

மனு கொடுக்கப் போனோம். ரோடு ஆபீசில் இரண்டு பேருக்குத்தான் உள்ளே அனுமதி என்றார் பியூன். டாக்டரும் அப்போதைய துணைத் தலைவரும் போனார்கள். நான் வெளியே குழாயடியில் நின்றேன். எந்த மரம் யாருடையது என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். இவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்கள்.  இருபது மரமும் எனக்கு மனப்பாடம். அந்தக் கதவுக்கு உள்ளே போக வேண்டும் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அந்தத் துணைத் தலைவர் மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டார். இடம் காலி. "யாரு நிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் என் வீட்டுக்காரர் கையைத் தூக்கிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! நானும் தூக்கினேன்.

 டாக்டர், "இன்னாம்மா இது, வூட்டுச் சண்டைய கட்சிக்குக் கொண்டாந்துட்ட?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அன்றைக்கு வீட்டில் வெறும் ரசம்தான்.

ஓட்டுக் கேட்க அவர் மலைக்குப் போக வேண்டும். வழி தெரியாது. "நீ எப்போ போற? நானும் கூட வர்றேன்" என்றார் கூச்சமே இல்லாமல். எந்தத் தேர்தலிலாவது எதிர்த்து நிற்பவரை வேட்பாளரே கையைப் பிடித்து ஓட்டுக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போன கதை உண்டா? நான் கூட்டிப்போனேன். மூன்று மணி நேரப் பாதையை ஐந்து மணி நேரமாக ஏறினார். பாதியில் என் தையல் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேவிட்டார்.

மலையில் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். வீட்டுக்கு வீடு சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு. ஒரே பாயில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவர் கையைக் குவித்து, "எனக்கே போடணும், மறந்துடாதீங்க" என்பார். அடுத்து என் முறை. எனக்கு நாக்கு புரளாது. என் வாயால் எனக்குக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? "ஒங்க இஷ்டம், யாருக்கு வேணாலும் போடுங்க" என்பேன். சொல்லிவிட்டு, பெரிய பெருந்தன்மைக்காரி என்று நானே என்னை மெச்சிக்கொள்வேன். பதினெட்டு வீட்டிலும் இதே கூத்து.

சந்தை நாளில் ஓட்டு. மலைக்காரர்கள் அன்றைக்குத்தான் கீழே இறங்குவார்கள். எல்லாருக்கும் எழுதப் படிக்க வராது என்பதால் டாக்டர் ஒரு வழி செய்தார். அவர் வீட்டு உள்ளறையில் இரண்டு புதுப் பானை. என் பானையில் சிவப்புத் துணி, என் வீட்டுக்காரர் பானையில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு முறம் நிறையப் புளியங்கொட்டை. ஒவ்வொருவராக உள்ளே போய், ஒரு கொட்டையை எடுத்து, வேண்டியவர் பானையில் போட வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் அவருக்கு முப்பத்தொன்று, எனக்கு இருபத்தேழு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பது பேரு. அம்பத்தெட்டுக் கொட்டை எப்டி வந்துது?"

மலைக்காரர்களில் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று சாவகாசமாகச் சொன்னார். "நாங்க பானைக்கு ஒண்ணு போட்டங்க. ரெண்டு பேரும் எங்க வூட்ல கைநனைச்சவங்க. ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தர வுட்டா, நாளைக்கு மொகத்துல எப்டிங்க முழிக்கிறது? அதுவும் புருசன் பொண்டாட்டி!"

பதினெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். இந்தத் தடவை ஆளுக்கு ஒரு கொட்டையை அவரே எண்ணிக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார்.  எனக்குப் பயமில்லை. ஒன்றுதான் போட முடியும் என்றால் அந்த ஒன்று எனக்குத்தானே?

அவருக்கு முப்பத்தொன்று. எனக்கு ஒன்பது.

அவர் பானை அசையவே இல்லை. என் பானையில் மட்டும் சரியாகப் பதினெட்டு குறைந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, தையல் மிஷின்மேல் தலையை வைத்து அழுதேன். அவர் கழுத்தில் மாலையோடு வந்து நின்றார். கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் மிஷின் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் மலைக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். தைத்த பாவாடைகள் கிடந்தன, கை சும்மா இருக்கவில்லை, போனேன். முதல் வீடு என் சினேகிதியுடையது. என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், பதினான்காம் நம்பர் புளிய மரம் அவளுடையது. பையைக்கூட இறக்காமல், "ஏண்டி எனக்குப் போடல?" என்று கேட்டேன்.

அவள் ஒளிக்கவில்லை. "யக்கா, நாங்க கொட்டைய கையில வச்சினு பேசித்தான் போட்டம். நீ பதவி இல்லாட்டியும் வருவ. மாமா பதவி குடுத்தாதான் வருவாரு. எங்களுக்கு ரெண்டு பேரும் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கெட்டிக்காரத்தனத்தைப் பாரேன்! ஆனாலும் ஆறவில்லை. "எனக்கும் ஆசையா இருந்துதுடி" என்றேன். 

அவள் உண்மையாகவே திகைத்துப்போனாள். "அத நீ சொல்லவே இல்லயே யக்கா. இஷ்டம்னுதான சொன்ன?"

அவர்கள் போட்ட கணக்கு தப்பவில்லை. துணைத் தலைவர் முட்டி வலியோடு அந்த மாதமே மலை ஏறினார். நம்பர் போட்ட மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். இறங்கும்போது வழுக்கி ஓடையில் விழுந்ததில் நோட்டு நனைந்து மை கலைந்து போயிற்று.

மறுபடி ரோடு ஆபீஸ். மறுபடி இரண்டு பேருக்குத்தான் அனுமதி. டாக்டரும் அவரும் உள்ளே போனார்கள். நான் அதே குழாயடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் வேகமாக வெளியே வந்தார். "ஏம்மே, ஏழாம் நம்பர் யார்து?" சொன்னேன். ஓடினார். திரும்ப வந்தார். "பதினொண்ணு?" சொன்னேன். "அந்த வூட்ல எத்தினி பேரு?" சொன்னேன். ஐந்தாவது தடவை கதவு திறந்தபோது வந்தது அவரில்லை, பியூன். "அந்த அம்மாவையே உள்ள வரச் சொல்றார்."

உள்ளே போனேன். ஒன்றிலிருந்து இருபது வரை நிறுத்தாமல் சொன்னேன். யார் மரம், எத்தனை பேர் அதில் சாப்பிடுகிறார்கள், எந்த இடத்தில் ரோட்டை நாலடி நகர்த்தினால் மரம் தப்பும், எல்லாம். ஆபீசர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் இருபதில் பதினாறு மரம் பிழைத்தது. சினேகிதியின் மரமும் பிழைத்தது. மீதி நாலை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கும்.

எழுதி முடித்து ஆபீசர் நிமிர்ந்து, "நீங்க கட்சியில என்ன பொறுப்பு?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் போனது. பதினெட்டு வீட்டில் சொல்லிப் பழகிய வாய் அல்லவா? நிறுத்திக்கொண்டேன்.

"துணைத் தலைவருக்கு நின்னு தோத்துட்டேங்க. அடுத்த தடவையும் நிப்பேன். எனக்கு அது வேணும்."

டாக்டர் இருமினார். என் வீட்டுக்காரர் நனைந்து காய்ந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் பேசினார்.

"அவ்ளோ ஆசையா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் நின்னே இருக்க மாட்டேனே."

"கைய தூக்கறதுக்கு முன்னாடி நீங்க என்னக் கேட்டீங்களா?" என்றேன்.

அவர் என் தோளிலிருந்த தையல் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றார்.