ஆறடி வாசல்

தென்காசிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், கணினியில் கட்டட மாதிரி உருவாக்கக் கற்றுத்தருகிறேன். தண்ணீர்க் குழாய் உத்திரத்தில் முட்டினால் மென்பொருள் சிவப்பாகக் காட்டிவிடும்.

அவரவர் வீட்டை மாற்றிக் கட்டுவதுபோல் வரையச் சொன்னேன். குறுகிய தெருவிலுள்ள தன் சின்ன வீட்டுக்கு ஒரு மாணவி ஆறடி அகலத்தில் வாசல் வைத்திருந்தாள்.

“வீட்டுக்குள்ள லாரியா வருது?” என்றேன். வகுப்பே சிரித்தது.

மணி அடித்ததும் என்னிடம் வந்தாள்.

“வாப்பா சவுதியில மவுத்தாயிட்டாவ சார். அங்கேருந்து வந்த பெட்டிய வாசல்ல திருப்ப முடியல. தெருவுல வச்சுத்தான் முகம் பாத்தோம். வீட்டுக்குள்ள கொண்டுவர முடியலியேன்னு உம்மா இன்னமும் சொல்லுதாவ.”

ஏன் இத்தனை அகலம் என்று முதலிலேயே கேட்டிருக்கலாம்.

எல்லோரும் போனபின் அவள் மாதிரியைச் சோதித்தேன். எங்கும் சிவப்பு இல்லை. அந்த வீட்டில் எதுவும் எதிலும் முட்டவில்லை.