எலி பார்த்த சட்டை

என் மனைவி யாரிடம் பேசினாலும் கண்ணைத்தான் பார்ப்பாள். உள்ளே ஏதாவது கோளாறு தெரிகிறதா என்று நோட்டம் விடுவாள். முதல் சந்திப்பில் என்னையும் அப்படிப் பார்த்தாள். காதல்தான் என்று நான் காற்றில் மிதந்துகொண்டிருந்தபோது, "உங்க இடது கண்மணி வலதைவிடக் கொஞ்சம் பெரிசு" என்றாள். அப்படியும் கல்யாணம் நடந்துவிட்டது.

அவளுக்கு விழித்திரை ஆராய்ச்சி. வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்பும் மெல்லிய படலம்தான் விழித்திரை. பிறவிக் குறையால் சிலருக்கு அதன் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். என் தங்கைக்கு அந்த நோய்தான். அண்ணியும் நாத்தனாரும் உட்கார்ந்தால் என் தலையைத்தான் உருட்டுவார்கள்; நோயைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். ஆனால் யாருக்காக அவள் எலிகளோடு மல்லுக்கட்டுகிறாள் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

கண் தெரிகிறதா என்று எலியிடம் எப்படிக் கேட்பது? அதைச் சின்ன மேடையில் நிறுத்தி, சுற்றிலும் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பீப்பாயைச் சுழலவிடுவார்கள். கண் தெரிகிற எலி பட்டையோடு தலையைத் திருப்பும். தெரியாதது தேமே என்று நிற்கும். நாளெல்லாம் இதைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்குத் தலை கிறுகிறுக்காதா? அதனால் எங்கள் வீட்டில் கோடு போட்ட எதற்கும் இடமில்லை. தங்கை எனக்கு வாங்கித் தந்த பட்டைக்கோட்டுச் சட்டைக்கும் பீரோவில் சிறைவாசம்.

புது மருந்து போட்ட எலிகளைச் சோதிக்கும் நாள் வந்தது. இந்த முறையும் பலிக்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. அவள் சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். அவள் இல்லாத வீட்டில் நான்தானே ராஜா? அந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். உடனே போன்.

"ஏங்க, பீப்பாய் சுத்த மாட்டேங்குது! ஓடி வாங்க!"

நான் வாஷிங் மெஷின் மெக்கானிக். பழைய மெஷினிலிருந்து கழற்றி அந்தப் பீப்பாய்க்கு மோட்டார் மாட்டித் தந்தவனும் நானே. பதற்றத்தில் சட்டையை மாற்றத் தோன்றவில்லை. எலி அறைக்குள் போக வெள்ளை அங்கி தந்தார்கள். என் தொந்திக்கு அது பொத்தான் போட மறுத்துவிட்டது.

பீப்பாயைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வயர் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று மேஜையைச் சுற்றிக் குனிந்து தேடினேன். எலி மேடையிலேயே நின்றது.

"அந்தச் சட்டையை யாரு உங்களைப்..." என்று ஆரம்பித்த என் மனைவி பாதியில் நிறுத்தினாள்.

"அசையாதீங்க."

நின்றேன்.

"இப்ப இடது பக்கமா போங்க. மெதுவா. வயித்தை எக்காதீங்க, கோடு மடங்குது!"

நான் நகர்ந்தேன். எலியின் மூக்கு என் தொந்தியோடு நகர்ந்தது. திரும்பி வந்தேன். அதுவும் திரும்பியது! அடுத்த எலி தேமே. அதற்கடுத்தது திரும்பியது. எதற்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்பது உதவியாளர் பெண்ணுக்கு மட்டுமே தெரியும். பாரபட்சம் வந்துவிடும் என்று என் மனைவிக்குக்கூடச் சொல்வதில்லை. கடைசி எலியும் முடிந்ததும் அந்தப் பெண் குதித்தே விட்டாள்.

"திரும்புனது எல்லாம் மருந்து போட்டது மேடம்!"

சுற்றிய சுற்றில் எனக்கு அறையே சுழன்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு வயரைச் சரிசெய்தேன். பீப்பாயில் வைத்துப் பார்த்தபோதும் அதே எலிகள்தான் திரும்பின. என் மனைவி சிரித்தாள், அழுதாள், எலி நாற்றத்தோடு என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

தங்கையை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எலிக்குக் கண்ணு தெரியுதுடி! உங்கண்ணனைப் பாத்துச்சு!"

"ஐயோ பாவம் அண்ணி, கண்ணு வந்ததும் முதல்ல அந்தத் தொந்தியவா பாத்துச்சு?"

சிரித்து ஓய்ந்ததும் என் மனைவி மறைக்காமல் சொன்னாள். "மனுசங்களுக்கு வர இன்னும் ரொம்ப நாளாகும். ஆனா இனிமே இதை யாரும் மூட முடியாது."

தங்கை என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்தச் சட்டைய ஏன் வாங்குனேன் தெரியுமா? கூட்டத்துல உன்னைத் தேடுறப்ப, அந்தக் கோடு ஒண்ணுதான் எனக்குக் கண்ணுல படுது."

நான் குனிந்து சட்டைக் கோடுகளைப் பார்த்தேன். என் மனைவி போனை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்தாள்.

"ஏங்க, போற வழியில அதே மாதிரி இன்னும் நாலு சட்டை வாங்கிக்கோங்க."