ஒரு சொல் குறைந்த ஊஞ்சல் பாட்டு

ஜும்ஆ தொழுகை முடிந்து கிண்ணியாவில் என் வீட்டுக்குள் கால் வைத்த நேரம் தொலைபேசி அடித்தது. தவராசா அண்ணனின் மகள் சுதா. "மாமா, அப்பா போயிட்டார். சாப்பிட்டிட்டு கதிரையில இருந்தவர், அப்படியே..." என்றாள். மனைவியிடம் சொல்லிவிட்டு, பாலம் தாண்டி நகரத்துக்குப் பஸ் ஏறினேன். வழியில் எனக்கு அழுகையைவிடக் கோபமே அதிகம் வந்தது. அடுத்த கிழமை வாருங்கள் என்று என்னை அழைத்திருந்தவர், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் புறப்படுகிற ஆளே இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகக் களஞ்சியத்தில் நாங்கள் இருவரும் எழுதுவினைஞர்கள். பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் என்னைவிட மூத்தவர். நான் அவசரக்காரன். யாராவது வந்து ஒரு சாமான் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் தேடப் போவேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு வந்த பிறகே வாயைத் திறப்பார். கிடைக்காவிட்டால் "தெரியேல்ல" என்பார். கேட்பவர் மேலதிகாரியானாலும் அதே பதில்தான். பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்விலும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்து, எனக்கு வடையும் பிளேன்டீயும் வாங்கித் தந்தார். அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. அதில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

நாங்கள் ஓய்வுபெற்ற பின்னர் அவருடைய மனைவி பூமணி அக்கா காலமானார். அக்கா சாம்பல்தீவில் பிறந்தவர். அங்குள்ள அம்மன் கோயில் திருவிழாவில் அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது பாடுவது அவர்தான். ஒரு வருடம் ஒலிபெருக்கிக்காரர் அதைப் பதிந்து ஒரு சீடியில் போட்டுக் கொடுத்திருந்தார். அக்காவின் குரல் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சீடியில்தான்.

அண்ணனின் அலுமாரி நிறையச் சீடிகள். கடற்கரையை ஒட்டிய வீடு என்பதால் உப்புக்காற்று பட்டு ஒவ்வொன்றிலும் புள்ளி விழத் தொடங்கியது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு நாள் என்னை அழைத்தார். எம்பி3 ஆக மாற்றினால் இடம் மிச்சம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒலியில் எதையும் கழிக்காமல், சீடியில் உள்ளதை உள்ளபடியே வைக்கும் கோப்புத்தான் வேண்டும் என்றார்.

அதற்கென்று இரண்டு மென்பொருட்களை இறக்கிக் கொடுத்தேன். ஒன்று, ஊற்றிய தேநீர் ஆறுமுன் ஒரு சீடியை முடித்துப் பச்சை அடையாளம் காட்டும். மற்றது ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்ப வாசிக்கும்; வாசித்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் அடுத்ததுக்கு நகரும்; முடியாத இடத்தைச் சிவப்பில் காட்டும். வேகமானதையே எடுங்கள், இந்த வயதில் எதற்கு இந்த மாரடிப்பு என்றேன். அவர் வேண்டாத சினிமாப் பாட்டுச் சீடி ஒன்றை எடுத்துச் சாவியால் கீறி, இரண்டிலும் போட்டார். வேகமானது வழக்கம்போல் பச்சை காட்டியது. நான் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன். அவர் மறுபடியும் போட்டுக் கேட்டார். பாட்டில் ஓர் அடியையே காணவில்லை. முன்னும் பின்னும் வழுவழுவென்று சேர்ந்திருந்தது. மெதுவானது அதே இடத்தைச் சிவப்பில் காட்டியிருந்தது.

"இது உங்களப்போல தம்பி," என்றார். "இல்லாததையும் இருக்கு எண்டு சொல்லுது. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுறதுதான் எனக்கு வேணும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேகமான மென்பொருளுக்கு நஸீர் என்று என் பெயரே நிலைத்துவிட்டது. சுதா அவசரமாகச் சமைத்த கறிக்கும் பிறகு அந்தப் பெயர் வந்ததாகக் கேள்வி.

அக்காவின் சீடியை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடு எடுத்துக் காட்டினார். அக்கா காலமான வருடம், சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு அந்தச் சீடியையும் வைத்து, அக்காவின் பெயருக்கு மேலே சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார். பொட்டுக் காய்ந்து இறுகிப்போனதும் நகத்தால் சுரண்டியிருக்கிறார். சந்தனத்தோடு சீடியின் வெள்ளிப்பூச்சும் ஒரு மெல்லிய கோடாக உரிந்து வந்துவிட்டது. யன்னலுக்கு நேரே பிடித்தால் அந்தக் கோட்டுக்குள்ளால் கடல் வெளிச்சம் தெரிந்தது. பக்தியால் பாட்டைச் சுரண்டியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்றேன். சிரித்தார். பிறகு சீடியை இரண்டு கையாலும் பிடித்து ட்ரைவில் வைத்தார். எனக்குப் பயமாகவே இருந்தது.

மெதுவானதுதான் வேலையைத் தொடங்கியது. மற்றப் பாட்டுகள் சுகமாக ஏறின. ஊஞ்சல் பாட்டில் வந்து நின்றுவிட்டது. ட்ரைவ் முனகியது, நின்றது, மறுபடியும் முனகியது. சுதா சாப்பிடக் கூப்பிட்டாள், அவர் எழும்பவில்லை. போதும், நிற்பாட்டுங்கள், உள்ளதும் போய்விடும் என்று நான் நச்சரித்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் அது முடிந்தது. பாட்டு முழுதும் வந்திருந்தது, சிவப்பாக ஒரே ஓர் இடத்தைத் தவிர. போட்டுக் கேட்டோம். அக்காவின் குரல் திருவிழாச் சத்தத்துக்கு மேலே கணீரென்று எழும்பியது. மூன்றாவது அடியின் கடைசியில் 'ஊஞ்சல்' என்ற சொல் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெறுமை. அண்ணன் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒவ்வோர் அடியும் அந்தச் சொல்லில்தானே முடிகிறது, வேறோர் அடியிலிருந்து வெட்டி எடுத்து இங்கே ஒட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

"ஏலாது தம்பி," என்றார். "அது அவ இந்த இடத்தில பாடினது இல்ல. அவ பாடினதை நான்தான் சுரண்டினனான். அந்த இடம் அப்பிடியே இருக்கட்டும்."

அதன் பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பின்னேரங்களில் பிளேன்டீயோடு கதிரையில் சாய்ந்து அந்தப் பாட்டைப் போடுவார். மூன்றாவது அடி வந்ததும், அக்காவின் குரல் நிற்கிற இடத்தில், "ஊஞ்சல்" என்று தானே சொல்வார். பாடுவது என்று அதைச் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் பருப்புக் கேட்கிற குரல். உடனே அடுத்த அடியை அக்கா எடுப்பார். கலியாணம் முடித்த நாளிலிருந்து தன்னைப் பாட விடாதவ, இப்போது இடம் விட்டிருக்கிறா என்று எனக்குச் சொல்லிச் சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்த பின்னேரங்களில் நான் மனநிறைவோடு வீடு திரும்பியிருக்கிறேன்.

எட்டாம் நாள் சடங்குக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் முன் விறாந்தையில் இருந்தோம். சுதா மடிக்கணினியைக் கொண்டுவந்து அம்மாவின் பாட்டைப் போட்டாள். முதலாம் அடி, இரண்டாம் அடி. மூன்றாவது அடி முடியப் போகிறது என்றதும் நாங்கள் எல்லோரும் அவருடைய கதிரையைத்தான் பார்த்தோம். குரல் நின்றது. அந்த வெறுமையை என்னால் தாங்க முடியவில்லை. "ஊஞ்சல்" என்று சொல்லிவிட்டேன். அக்கா அடுத்த அடியை எடுத்தார்.

சுதா அழுதுகொண்டே சிரித்தாள். "மாமா, நீங்க அப்பாவையும்விட மோசம்," என்றாள்.

போய் வாருங்கள், அண்ணன். அந்த இடத்தில் நாங்கள் எதையும் ஒட்டவில்லை. பின்னேரங்களில் நான் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன்.