சாமி காலடியில் வைத்த கடுதாசி

என் தாய்மாமனே எனக்கு மாமனார். இராசபாளையத்தில் எங்கள் கிணற்றடியில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையை ஓட்டும்போது அவர் மயங்கி விழுந்த அன்று, வெயில்தான் என்றது வீடு. எனக்கு மட்டுமே தெரியும், அது மூன்றாவது தடவை. முந்தின இரண்டையும் கஞ்சி கொண்டுபோன நான் மட்டுமே பார்த்திருந்தேன். "ஏட்டி, யாருட்டயும் மூச்சு விட்ராத. கமலையத் தொடவே விடமாட்டாவ" என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

நாடி பார்த்த வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். "எனக்குப் பிடிபடல. சீவில்லிபுத்தூர்ல நெஞ்சுல குழாய் வச்சுக் கேக்குற டாக்டர்ட்ட காட்டுங்க" என்று, நாடியில் கண்டதை ஒரு கடுதாசியில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் விடியலில் மாமாவோடு நானும் என் கணவரும் வண்டியேறினோம். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் இனிக்கிறது. வைக்கோல் மெத்தை, கட்டுச்சோற்றின் புளி வாசம், கோபுரம் தெரிந்ததும் மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கல்யாண ஓலையோ கிரயப் பத்திரமோ, சாமி காலடியில் வைத்து எடுப்பது எங்கள் வழக்கம். மடவார் வளாகத்துக் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, என் கணவர் கடுதாசியையும் வைத்தியநாத சுவாமி சந்நிதியில் வைக்கக் கொடுத்தார். அபிஷேகத் தண்ணீரில் ஊறித் திரும்பிய தாளில் விபூதி இருந்தது, எழுத்து இல்லை. பக்திக்கும் ஒரு புத்தி வேண்டாமா? தலையில் அடித்துக்கொண்டேன்.

டாக்டர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு முன்னால விழுந்திருக்காரா?"

"இல்லீங்க, இதான் மொதத் தடவ" என்றார் கணவர். மாமாவும் தலையாட்டினார். டாக்டர் குழாயை வைத்துச் செத்த நேரம் கேட்டுவிட்டு, வெயில் மயக்கம்தான், நாலு நாள் கழித்து வேலைக்குப் போகலாம் என்றார்.

வேற்று ஆண்கள் முன்னால் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் எங்கள் கிணற்றின் ஆழம் கண்ணுக்குள் நின்றது. நாலாவது தடவை எந்தப் பக்கம் விழுவார்?

"மூணு தடவ விழுந்தாவ" என்றேன் தூணுக்குப் பின்னாலிருந்து. "நான் பார்த்தேன்."

டாக்டர் மறுபடி குழாயை வைத்தார். இந்தத் தடவை நெடுநேரம் கேட்டார். துடிப்பு நடுநடுவே நிற்கிறது, இனி கிணற்றடிக்கே போகக்கூடாது என்றார்.

திரும்பும் வழியெல்லாம் மாமா எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். சத்தியத்தை மீறி அவர் கமலையைப் பிடுங்கிவிட்டேனே என்று அழுதுகொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது தள்ளாடினார். தன் மகன் நீட்டிய கையை விலக்கிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஆறு வருஷம் அந்தக் கை அங்கேதான் இருந்தது.