நேர்ந்துவிட்ட கெண்டைகள்

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, ஈரத்துணியில் பொதிந்த கெண்டையின் வால் ஓரத்தைச் சின்னக் கத்தரிக்கோலால் துளி நறுக்கி, "வலிச்சுதா ராசா? போயிட்டு வா" என்று தண்ணீரில் விடுவார் மேடம். எழுபதுகளின் கடைசியில், கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் எவ்வளவு மீன் இருக்கிறதென்று கணக்கிட வந்த ஆய்வாளர் அவர். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள், கிறிஸ்தவர். நான் அவருக்கு உதவியாளன். கணக்கு எளியதுதான். பிறகு ஊர்க்காரர்கள் பிடித்துக் கரைக்குக் கொண்டுவரும் மீனில் வால் வெட்டியது நிறைய இருந்தால் கண்மாயில் மீன் குறைவு. அரிதாக இருந்தால் மீன் ஏராளம். எங்களுக்கோ ஒன்றுகூட வரவில்லை.

பழங்காநத்தத்தில் இருந்த ஆபீசில் எங்கள் அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. "அம்புட்டு மீன் கெடக்கா! ஏலத்துக்கு விடலாம்னு எழுதிருவோம்" என்றார். எழுதியும் விட்டார். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடித்து, வீட்டுக்கு வீடு குழம்பு கொதிக்கும் கண்மாய் அது.

மேடத்துக்கு மனசு ஒப்பவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய், வலையை உதறிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், வால் வெட்டிய மீன் கண்ணில் பட்டதா என்று கேட்டார். அந்த அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"படாம என்ன தாயி, நெறையா வருது. நீங்க கருப்பனுக்கு நேந்துவிட்ட மீனுல்ல அது! காது வெட்டுன கெடாயத் தொடுவமா? கும்பிட்டு அங்கனயே விட்டுருவோம். வேதக்காரப் பொண்ணு நம்ம சாமிக்கு நேந்துருக்குன்னு ஊரே பெருமையாப் பேசுது."

மேடம் சிரித்தார். சிரித்தபடியே தலையில் கை வைத்துக் கரையில் உட்கார்ந்துவிட்டார். சாமிக்கு விட்ட கிடாய்க்குக் காதில் வெட்டி அடையாளம் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வெட்டுப்பட்ட உயிரை யாரும் தொட மாட்டார்கள். அவர்கள் செய்ததில் என்ன குற்றம்?

மறுநாளே அதிகாரியிடம் ஓடினார். "சார், கணக்கு தப்பு. மீன் கொஞ்சந்தான் இருக்கு. இப்ப வலை போட்டா சினை மீனையும் சேத்து அரிச்சிருவாங்க, பூண்டோட போயிரும்." அவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பட்டிக்காட்டான் சாமி கதைய வச்சு நான் ரிப்போர்ட்ட மாத்தணுமாம்மா? மேல அனுப்பியாச்சு, போங்க." படித்த மனுஷன் பேசுகிற பேச்சா அது? திருத்தினால் கௌரவம் குறைந்துபோகும், அவ்வளவுதான் விஷயம். மேடம் விடாமல் அவர் மேஜை முன்னால் போய் நின்றார். நின்றதற்குக் கூலியாக அவரை வேறு ஊருக்குத் தூக்கியடித்தார்கள். இன்றைக்குக் கருத்தரங்கு மேடைகளில் 'மக்களிடம் கேட்டு ஆய்வு செய்ய வேண்டும்' என்று புதிதாய்க் கண்டுபிடித்ததுபோல் முழங்குகிறார்கள். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டவரை என்ன செய்தீர்கள் ஐயா?

ஏலம் எடுத்தவன் பொடிக்கண் வலை போட்டு வழித்தெடுத்துப் போனான். அதன்பின் கூடையோடு இறங்கிய ஊருக்குச் சேறுதான் கிடைத்தது. 'மக்களின் மூடநம்பிக்கையே காரணம்' என்று அதிகாரி இன்னொரு அறிக்கை எழுதினார். அடப் பாவி!

ஊர்க்காரர்கள் யார்மேலும் பழி போடவில்லை. சாமி மீனை வெளியாள் அள்ளிப்போக விட்டது தங்கள் குற்றமென்று, கருப்பன் கோயில் முன்னால் வெயிலில் கூடி நின்றார்கள். "காப்பாத்தத் துப்பில்லாமப் போச்சே, மன்னிச்சிரு சாமி" என்று அந்த அக்கா விழுந்து அழுததை நான் பார்த்தேன். அந்த மன்னிப்பைக் கேட்க வேண்டியவர் அதற்குள் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தார்.