தண்ணீரில் நிற்காத லாரி

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்றிய லாரிகளில், மழைக்காலத்திலும் தரைப்பாலம் தாண்டிய லாரி ஒன்றுதான். அதை ஓட்டியவர் அமிர்தசாமி.

ராணுவம் ஏலத்தில் கழித்த பழைய பெட்ரோல் வண்டி அது. அதன் எஞ்சினில் பிளக்குகள் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தன. மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கினால் பிளக்கு துருப்பிடித்து மரையோடு இறுகிவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் ஈரம் பட்டால் நெருப்புப்பொறி விழாது. வண்டி இருமிக்கொண்டே நின்றுவிடும். முதலாளி கோதண்டபாணி வாங்கிய வருடம் ஐப்பசி முழுக்க அது ஷெட்டில்தான் கிடந்தது.

மறுவருடம் டிரைவராகச் சேர்ந்த அமிர்தசாமி அதைச் சரிக்கட்டினார். மழைக்கு முன்பே பிளக்குகளைக் கழற்றி, துருவைத் தேய்த்து, மரையில் லேசாகக் கிரீஸ் தடவி மாட்டுவார். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் இறுக்கமாகக் குல்லா போடுவார். தண்ணீரில் இறங்குமுன் விசிறி பெல்ட்டைத் தளர்த்திவிடுவார். இல்லாவிட்டால் விசிறியே தண்ணீரை வாரி எஞ்சின் மேல் இறைத்துவிடும். கரையேறியதும் துணியால் பள்ளங்களை ஒற்றியெடுத்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

இதனால் அவருக்குக் கிடைத்தது, மற்ற டிரைவர்கள் வீட்டில் முடங்கிக் கிடந்த நாளெல்லாம் வேலை. போக முடியாத ஊருக்கெல்லாம் கோதண்டபாணி அவரையே அனுப்பினார். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. மனைவி அன்னமேரிக்கு இல்லை. நீ வண்டிக்குப் படுகிற பாட்டை வீட்டுக்குப் பட்டிருந்தால் கூரை ஒழுகாது என்பாள்.

வீடு மங்கலம்பேட்டைச் சாலையில், ஓடைக்கு அந்தப் பக்கம். அறுபத்தேழாம் வருடத்து மழையில் ஒருநாள் காலை, ஜாடி மூட்டைகளை ஏற்றி முடித்த நேரத்தில், பக்கத்து வீட்டுப் பக்கிரி இடுப்புக்கு மேலே நனைந்தபடி கம்பெனி வாசலில் வந்து நின்றான். அன்னமேரிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், மாட்டு வண்டி ஓடையில் இறங்க மாட்டேனென்கிறது என்றான்.

அமிர்தசாமி முதலாளியிடம் ஓடினார்.

"மொதலாளி, வூட்டுல வலி கண்டிருக்குதாம். லாரிய எடுத்துகினு போயி ஆஸ்பத்திரில சேத்துட்டு வந்துடறங்க."

வேப்பூரில் மெட்ராஸ் லாரி சரக்குக்காகக் காத்து நின்றது. கோதண்டபாணி ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை.

"தலைப்பிள்ள தானப்பா? அதெல்லாம் லேசுல பொறக்காது, நேரமாவும். சரக்க எறக்கிட்டு நேரா வூட்டுக்கே போ. உன் வண்டி எங்க நிக்கப்போவுது?"

சாவியைக் கீழே போட்டிருக்கலாம். மூட்டையோடு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பியிருக்கலாம். அமிர்தசாமி வேப்பூருக்குத்தான் போனார். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் சாலையை மூடியிருந்தது. வண்டி எங்கும் நிற்கவில்லை. திரும்பி வந்து ஓடையில் இறங்கியபோது தண்ணீர் காலையிலிருந்ததைவிட ஏறியிருந்தது. அப்போதும் எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. அக்கரையில் அவருடைய அக்கா இஞ்ஞாசியம்மாள் தலைவிரிகோலமாக நின்றுகொண்டிருந்தாள். குழந்தை பிழைத்துவிட்டது. அன்னமேரி பிழைக்கவில்லை.

மறுநாள் அவளைக் கோயில் கல்லறைக்குக் கொண்டுபோக கோதண்டபாணி லாரியைக் கொடுத்தார். பெரிய மனசு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அமிர்தசாமிதான் ஓட்டினார்.

ஒரு வருடம் அவர் வழக்கம்போல் சரக்கு ஓட்டினார். பெண் குழந்தை அத்தையிடம் வளர்ந்தது. அடுத்த ஐப்பசியில், கம்பெனிக்கு வேண்டிய வெள்ளைக் களிமண்ணை ஏற்றிக்கொண்டு வந்தவர், தரைப்பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தார். ரப்பர் குல்லாக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெள்ளத்தில் எறிந்தார். பெல்ட்டைத் தளர்த்தவில்லை. நடுப்பாலத்தில் வண்டி நின்றது. அவர் இறங்கிக் கரைக்கு நடந்து, அங்கேயே குந்திக்கொண்டார். வெள்ளம் களிமண் மூட்டைகளைக் கரைத்தது. சாயங்காலத்துக்குள் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

வேலை போகும், போலீஸ் வரும், நாலு பேர் நடுவில் முதலாளி முகத்துக்கு நேராகக் காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று எதிர்பார்த்திருந்தார். கோதண்டபாணி வந்து அவர் தோளைத் தொட்டு, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும் என்றார். அமிர்தசாமி வண்டியே நின்றுவிட்டதென்றால் எப்பேர்ப்பட்ட வெள்ளம் என்று கடைவீதியில் ஆச்சரியப்பட்டார்கள்.

தை மாதம் முதலாளி புது டீசல் லாரி எடுத்தார். டீசல் எஞ்சினுக்குப் பிளக்கே கிடையாது. சந்தனம் குங்குமம் வைத்த சாவியை அமிர்தசாமியிடம் நீட்டினார்.

"நாந்தாங்க நிறுத்தினேன்," என்றார் அமிர்தசாமி. "ரப்பர நானே புடுங்கிப் போட்டேன். அன்னமேரிக்காவ."

கோதண்டபாணி பக்கத்திலிருந்த கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"பாவம், பொஞ்சாதி போனதுலேர்ந்து இப்படித்தான் ஏதாச்சும் பேசறான். நல்ல உழைப்பாளி."

குழந்தை அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. அத்தை வீட்டில் பால் வாங்க வழியில்லை. அமிர்தசாமி சாவியை வாங்கிக்கொண்டார். எழுபத்தெட்டாம் வருடம் கண்பார்வை மங்கும்வரை அந்த முதலாளியிடம்தான் ஓட்டினார். மழை, வெயில் பார்க்காமல்.