தொண்ணூற்றேழு சி.சி.யில் இரும்பை மேடு

காலை 6.40. எஞ்சின் மாற்றிய வண்டியைப் பட்டறையில் எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் சந்திப்பிலிருந்து புதுச்சேரி நோக்கிப் புறப்பட்டேன். வண்டி நாற்பது வருடத்துக்கு மேல் பழையது. அதன் எஞ்சின் மட்டும் எனக்குப் புதியது. முன்பு இருந்தது எழுபத்திரண்டு சி.சி.; இப்போது தொண்ணூற்றேழு. இடையில் உள்ள இருபத்தைந்து சி.சி. என்பது ஒரு கிளாஸ் டீயில் கால்வாசி. என்னையும் என் மனைவியையும் சேர்த்து அந்தக் கால் கிளாஸ்தான் தூக்க வேண்டும் என்ற கவலையில் எனக்கு முந்தைய இரவு தூக்கமில்லை.

இந்த மாதிரி வண்டியைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மண் பாதைக்கென்றே செய்த குட்டி மோட்டார் சைக்கிள். உயரத் தூக்கிய மட்கார்டு, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்த என் மச்சான் கப்பலில் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது என்னிடம் விட்டுச் சென்றது. ஒருவர் ஏறினால் துள்ளும். என் மனைவி பிலோமின் பின்னால் உட்கார்ந்தால் மூச்சு வாங்கும்.

சமதரையான எங்கள் ஊரில் அது பெரிய குறையில்லை. ஆனால் வடக்கே இரும்பைக்குப் பக்கத்தில் பிலோமினுக்கு அவள் அப்பா கொடுத்த முந்திரித் தோப்பு ஒன்று இருக்கிறது. கடைசி இருநூறு மீட்டர் செம்மண் மேடு. அதன் அடியில் அவள் இறங்கி நடப்பாள். நான் மேலே போய்க் காத்திருப்பேன். முழங்கால் தேய்ந்துவிட்டதாகக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன பிறகு அந்த நடை நின்றது. இரண்டு வருடமாக அவள் தோப்பைப் பார்க்கவில்லை.

இதற்கிடையே பழைய பிரெஞ்சு வீடுகள் நிற்கும் துய்மா வீதியில் காபி கடை திறந்திருக்கும் ஒரு பையன் வண்டிக்கு எண்பதாயிரம் தருவதாகச் சொன்னான். ஓட்டுவதற்கு அல்ல. மஞ்சள் பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தி, சீட்டின் மேல் பூந்தொட்டி வைப்பதற்கு. நான் எஞ்சின் மாற்றப் போகிறேன் என்றதும் பிலோமின் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"என்ன ஏத்திக்கினு அந்த மேடு ஏறுச்சின்னா வெச்சிக்குங்க. நடு மேட்டுல எறக்கி வுட்டீங்கன்னா, அன்னிக்கு சாயங்காலமே அந்தப் பையன் வந்து எடுத்துக்கினு போவட்டும்."

அந்த நாள்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை. பையனையும் சாயங்காலம் வரச் சொல்லியாயிற்று.

எஞ்சினைத் தேடிப் பிடித்தவர் தவளக்குப்பம் மெக்கானிக் ஏழுமலை. உடைத்து விற்க வந்த ஒரு பழைய வண்டியிலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தார். பழையதைப் போலவே சிலிண்டர் முன்பக்கம் படுத்திருக்கும் ஜாதி. மேலே இருக்கும் இரண்டு போல்ட்டும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. மற்றது எதுவும் உட்காரவில்லை. கார்புரேட்டர் சட்டத்தில் இடித்தது. அதற்கு வளைந்த குழாய் ஒன்று புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. செயின் ஐந்து மில்லிமீட்டர் விலகி டயரை உரசியது. பின் பல்சக்கரத்துக்கு அடியில் ஒரு வளையம் கொடுத்து நேராக்கினோம். கிக்கர் கால்மிதியில் முட்டியது. கால்மிதியை வெட்டி ஒட்டினோம். எஞ்சின் மாற்றத்துக்கு அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய மூன்று முறை நான் அலைந்தேன். நான் மின்துறையில் மீட்டர் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். தினமும் பட்டறைக்குப் போய் எல்லா நட்டையும் எண்ணிப் பார்ப்பேன். "சார், நீங்க எண்ற எண்ணுல நட்டே தேஞ்சிபோவும்," என்று ஏழுமலை சலித்துக்கொண்டார்.

நோணாங்குப்பம் பாலத்தில் மணிக்கு நாற்பது. முருங்கப்பாக்கத்தில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். தாகத்துக்கு அல்ல, எஞ்சின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதற்கு. தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால் மரப்பாலத்திலேயே டேங்கை நிரப்பினேன். 7.35க்கு மூலக்குளம் வீட்டு வாசல். பதின்மூன்று கிலோமீட்டர், குறை ஒன்றுமில்லை. குறையில்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிலோமின் மாதா கோயில் பூசைக்குக் கட்டும் நீலப் புடவையில் வந்தாள். டேங்க் விளிம்பு வரை இருந்ததால் மூடியோரம் பெட்ரோல் கசிந்தது. புடவையில் பட்டால் வண்டி விஷயமே முடிந்துவிடும் என்று பயந்து, பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி மூடிக்கு அடியில் வைத்து இறுக்கினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எனக்கு நிம்மதி.

8.15. ரெட்டியார்பாளையம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை. கோரிமேட்டு ஏற்றத்தை முன்பு இரண்டாவது கியரில் கெஞ்சிக் கெஞ்சி ஏறுவோம். இப்போது மூன்றாவதில் ஏறியது. ஒரு ஷேர் ஆட்டோவை முந்தினோம். பிலோமின் திரும்பி அந்த ஆட்டோவைப் பார்த்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

பட்டானூர் தாண்டி, திண்டிவனம் சாலையை விட்டு இரும்பைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. மேடு இன்னும் ஒரு கிலோமீட்டர் முன்னால் இருந்தது.

இருபது உதை உதைத்தேன். பிலோமின் இறங்கி வேப்ப மரத்தடியில் நின்றாள். ஏழுமலைக்குப் போன் போட்டு, வளைத்துச் செய்த குழாயில் காற்று போகிறது என்று திட்டினேன். அவர் கோயிலில் இருந்தாராம். பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், காய்ந்திருந்தது. டிராக்டரில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, பெரியவரே, குட்டியானை வண்டி வேணுமா, ஏத்திக்கினு போவலாம் என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனார். பிலோமின் கைப்பையில் போனைத் தேடினாள். ஆட்டோவுக்கா, காபி கடைப் பையனுக்கா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

வேறு செய்ய ஒன்றும் தோன்றாததால், எவ்வளவு பெட்ரோல் செலவாகியிருக்கிறது என்று அளக்க ஒரு ஈர்க்குச்சியைப் பொறுக்கி வந்தேன். மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

மூடியில் ஊசித் துளை ஒன்று உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அது வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் இறங்காது. என் டியூப் துண்டு அந்தத் துளையைக் கச்சிதமாக அடைத்திருந்தது. போன வருடமும் இப்படி ஒன்று வைத்துத்தான் ஓட்டினேன். ஆனால் அந்தப் பழைய எஞ்சின் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டு மாதா கோயில் வரை இரண்டு கிலோமீட்டர்தான் போகும். இது பசியோடு குடிக்கும் எஞ்சின்.

துண்டை எடுத்து வேலிக்கு அப்பால் வீசினேன். ஒரே உதை. எஞ்சின் முழங்கியது.

"என்னாங்க ஆச்சி?"

"எஞ்சின்ல ஒன்னுமில்ல. நான்தான் அது மூக்க பொத்திட்டேன்."

பிலோமின் சிரித்த சிரிப்பில் மறுபடி ஏறி உட்கார இரண்டு நிமிடம் ஆனது.

9.25. மேடு. மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம் இடப்பக்கம், சரளைக்கல் வலப்பக்கம், நடுவில் ஒன்றரை அடி அகலத்துக்குக் கெட்டி மண். முதல் கியர். பாதி வழியில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்த்தது. முன்னால் சாயச் சொன்னேன். அவள் என் தோளை இறுக்கிக்கொண்டு, தனக்குப் பாடம் சொல்வதை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டும்படி அதட்டினாள். முன்பு அவள் மூச்சு வாங்க நிற்கும் பாறையைக் கடந்தோம். ஆக்ஸிலரேட்டரில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த வண்டியில் எனக்கு மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அதையும் திருகினேன். வேலிப் படல் தெரிந்தது. மேலே வந்துவிட்டோம்.

அவள் இறங்காமலே தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரங்கள் பூத்திருந்தன. நாற்பத்துமூன்று மரம்; ஒன்று சாய்ந்திருந்தது. "அப்படியே ஒரு சுத்து வுடுங்க," என்றாள். தோப்பை மூன்று சுற்றுச் சுற்றினோம்.

திரும்பும்போது, பையனை வீணாகச் சாயங்காலம் வரவைக்க வேண்டாம், நேரிலேயே சொல்லிவிடலாம் என்றாள். 11.20க்குத் துய்மா வீதி. முழங்கால் வரை செம்மண்ணோடு அந்த மஞ்சள் சுவர்களுக்கு நடுவே போய் நின்றோம். பையன் வெளியே வந்து, உள்ளே ஏசியில் உட்காரலாம் என்று மரியாதையாக அழைத்தான்.

"வேணாம்பா. காலையில ஒரு தடவ எறங்குனதே போதும். இனிமே வூட்லதான் எறங்குவேன். வண்டி விக்கல."

"ஒரு லட்சம்னா, ஆன்ட்டி?"

"ஒரு லட்சத்துக்கு என் முட்டிய புதுசா மாத்திக் குடுப்பியா? இது இன்னிக்கு மாத்திக் குடுத்துடுச்சி."

பையன் நல்லவன். சிரித்துவிட்டு இரண்டு காபி வாசலுக்கே அனுப்பினான். காசு வாங்கவில்லை, பலகையில் விலை நூற்றெண்பது என்று போட்டிருந்தது. வண்டியில் உட்கார்ந்தபடியே குடித்தோம். எஞ்சினை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. கப்பில் காபி நடுங்கிக்கொண்டே இருந்தது. குடித்து முடிப்பதற்குள் தெருவில் கண்ணுக்கெட்டிய வரை எண்ணினேன். மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்று, தையல் மிஷின் இரண்டு, சைக்கிள் ஒன்று. எல்லாம் பெயின்ட் அடித்து, பூந்தொட்டி சுமந்து வாசல்களில் நின்றன. நாங்கள் முதல் கியர் போட்டுக் கிளம்பினோம்.